48 மணி நேர அவகாசம்

திருமணமாகிப் பதினொரு ஆண்டுகளும், பலனளிக்காத மூன்று செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைகளும் கடந்த பிறகு, 2022 அக்டோபரில் தத்தெடுப்புக்கான மத்திய அமைப்பாகிய காராவின் இணையதளத்தில் பதிவு செய்தோம். எனக்கு 43 வயது, மனைவிக்கு 40. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமெனில் பதிவு செய்யும் நாளில் தம்பதியரின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது என்பதால், சிகிச்சையை இன்னும் இரண்டு ஆண்டுகள் நீட்டியிருந்தால் வாய்ப்பு கைநழுவியிருக்கும்.

நாங்கள் அஞ்சியது, குழந்தையை வளர்க்க எங்கள் வீடு ஏற்றதா என்று சமூகப் பணியாளர் நேரில் வந்து பார்க்கும் வீட்டாய்வுக்குத்தான். அதற்கு முந்தைய நாளே பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்களைக்கூட இறக்கித் துலக்கி வைத்தாள் மனைவி. வந்த சமூகப் பணியாளரோ அடுக்களைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் என் அம்மாவின் அருகில் அமர்ந்து, “தத்துப்பிள்ளையா என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் என்னம்மா சொல்வீர்கள்?” என்றார். “ஊருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? பிள்ளையிடம் சொன்னால் போதாதா?” என்றார் அம்மா. நாங்கள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட அதற்கு ஈடாகாது.

பிறகு மூன்றாண்டுக் காத்திருப்பு. வரிசை எண்ணைக் காலையில் பார்ப்பது, பால் காய்ச்சுவதைப் போல அன்றாட வேலையாகிவிட்டது.

ஒரு மாலையில் ஏழு மாதப் பெண் குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்தன. விருப்பத்தைப் பதிவு செய்ய 48 மணி நேரம்தான் அவகாசம். பிறந்தபோது எடை 1.7 கிலோ என்ற வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. தெரிந்த குழந்தை மருத்துவர் தலைச் சுற்றளவையும் மாதவாரி எடையையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, “குறைமாதம்தான், நன்றாகத் தேறி வருகிறாள்” என்று சொல்லும்வரை இருவரும் சாப்பிடவில்லை. அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு மருத்துவரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாட்களில் ஆள் தேடுவது பெரும்பாடு.

முன்பு நீதிமன்றம் வழங்கிய தத்து ஆணையை இப்போது மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார் என்பதால், விருப்பத்தைப் பதிவு செய்த பிறகான நடைமுறைகளில் அதிகம் அலையவில்லை. தத்து மையத்தில் குழந்தையைக் கையில் கொடுத்த ஆயாம்மா, இரவெல்லாம் அங்கே குழல்விளக்கு எரியும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எங்கள் அறையில் இன்னும் விளக்கை அணைப்பதில்லை.