ரவுட்டருக்குப் பெயர் வேண்டாம், எண்ணே போதும்

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறக்க, அதற்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் முன்பெல்லாம் 192.168.1.1 மாதிரி ஒரு எண் இருக்கும். இப்போது டிபி-லிங்க் என்றால் டிபிலிங்க்வைஃபை டாட் நெட், நெட்கியர் என்றால் ரவுட்டர்லாகின் டாட் நெட் என்று பெயரைப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க வசதிதான். ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

போன் வைஃபையில் சேர்ந்ததும் ரவுட்டர் அதற்கு ஒரு ஐபி, அதாவது எண் முகவரி, கொடுத்துவிடும். பெயரைக் கேட்டால் அதன் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சேவைக்கும் பெரும்பாலும் தன்னையே காட்டிவிடும். நீங்கள் அந்தப் பெயரை அடித்தால் கேள்வி வெளியே போகாது, ரவுட்டரே பிடித்து வைத்துக்கொண்டு தன் ஐபியைப் பதிலாகத் தரும், பக்கம் திறக்கும். அவ்வளவுதான் வித்தை. போனின் பிரைவேட் டிஎன்எஸ் செட்டிங்கில் வேறு டிஎன்எஸ் சேவை எதையாவது போட்டிருந்தாலோ, போனின் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலோ கேள்வி ரவுட்டரைத் தாண்டி நேராக இன்டர்நெட்டுக்குப் போய்விடும். இதில் பெரிய கூத்து, நெட் போனால்தானே நாம் ரவுட்டர் பக்கத்தையே தேடுவோம், அந்த நேரம் பார்த்து போன் "வைஃபையில் இன்டர்நெட் இல்லை" என்று சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும், கேள்வியும் அந்த வழியாக வெளியே போய்விடும்.

சரி, வெளியே போனால் என்ன, பக்கம் திறக்காது, அவ்வளவுதானே என்றால், இல்லை. 2016-ல் டிபி-லிங்க் தன் பழைய பெயரான டிபிலிங்க்லாகின் டாட் நெட்டின் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டு, அது வேறு யார் கைக்கோ போய் விற்பனைக்கு வந்தது. ஸ்டிக்கரில் மட்டும் அதே பெயர்! ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டருக்குப் பல வருடமாக ஃப்ரிட்ஸ் டாட் பாக்ஸ்தான் முகவரி. 2024 ஜனவரியில் டாட் காம் மாதிரி டாட் பாக்ஸ் என்று முடியும் பெயர்கள் பொது விற்பனைக்கு வந்ததும் யாரோ அதைப் பதிவு செய்துவிட்டார்கள். அப்புறம் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் தயாரிக்கும் நிறுவனம் முறையிட்டு மீட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே ஒரு போலி லாகின் பக்கம் வைத்திருந்தால் எத்தனை பேர் யோசிக்காமல் பாஸ்வேர்டு அடித்திருப்பார்கள்?

அதனால் எண்ணையே பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களுக்குப் போனால் கேட்வே என்று ஒன்று இருக்கும், அதுதான் ரவுட்டரின் எண். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் அடித்தால் டிஃபால்ட் கேட்வே வரியில் வரும். அதை பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடியுங்கள், கூகுள் தேடலில் அல்ல. முன்னால் எச்டிடிபி, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு சேர்த்துவிட்டால் பிரவுசர் அதைத் தேடலுக்குக் கொண்டுபோகாது. எண் ஒன்றுக்குப் பதில் ஆங்கிலச் சின்ன எல் அடிப்பவர்களும் நிறைய, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.