சிவராத்திரிக்கு வாய்த்த நட்சத்திரக் கோடுகள்

நட்சத்திரங்கள் நகரும் தடம் கோடு கோடாக விழ, அடுத்தடுத்து பல பிரேம் எடுத்து ஒன்றாக அடுக்கும் படம் ஒருவழியாக வாய்த்துவிட்டது. பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கக் கடற்கரையில் மேற்குப் பார்த்து வைத்து எடுத்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பிரேம்கூட, லென்ஸில் படியும் பனித்துளியால் மங்கவில்லை.

பினாங்கில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு நாள்காட்டியே முதல் எதிரி. தைப்பூசத்துக்கு லீவு உண்டு, வானமும் ஓரளவு தெளிவாக இருக்கும், ஆனால் பௌர்ணமி. தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும், அப்போது மழை. மிச்சம் இருப்பது மாசிச் சிவராத்திரிதான். நிலா விடியும் நேரத்தில்தான் தலைகாட்டும், எப்படியும் கண்விழிக்க வேண்டிய இரவு வேறு. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போக, நானும் மச்சானும் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அம்மாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

சரி, பனிக்கு வருகிறேன். நம் ஊரில் காற்றில் ஈரம் எப்போதும் நிரம்பித்தான் இருக்கிறது. திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் லென்ஸின் முன்கண்ணாடி தன் சூட்டை வெளியே விட்டு, சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு டிகிரி குளிர்ந்தாலே போதும், வேர்த்துவிடும். துணியால் துடைத்தால் கேமரா அசையும், கோடு முறியும். ஆகவே கண்ணாடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைப்பதுதான் வழி. கடையில் விற்கும் சூட்டுப் பட்டைகள் இருக்கின்றன, விலைதான் கடுப்பேற்றுகிறது. நானே செய்தேன்: 47 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) பத்தை இணையாகப் பற்றவைத்தால் மொத்தம் 4.7 ஓம். பவர்பேங்கின் 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும், அதாவது 5 வாட் சூடு. ஒவ்வொன்றும் அரை வாட்டைத் தாண்டுவதால் ஒரு வாட் ரெசிஸ்டர்தான் போட வேண்டும். வெல்குரோ துணிக்குள் வரிசையாக வைத்துத் தைத்தது என் மனைவி. பட்டையின் நேர்த்திக்கான பாராட்டு அவருக்கே.

கட்டும் இடத்தில்தான் சூட்சுமம். முன்கண்ணாடிக்கு மிக அருகில் கட்ட வேண்டும், ஃபோகஸ் வளையத்தைத் தொடக்கூடாது. அதைவிட முக்கியம், லென்ஸ் சூடேறினால் ஃபோகஸ் நகரும். அதனால் பட்டையை முதலில் போட்டு, இருபது நிமிடம் சூடேற விட்டு, அப்புறம் நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் பிடித்து டேப் ஒட்டினேன். வரிசை மாறினால் நட்சத்திரமெல்லாம் கொழுத்துப்போகும். ஏர்கண்டிஷன் ஓடும் காருக்குள் கேமராவை வைக்காமல் பின்பக்க டிக்கியில் போட்டுக்கொண்டு போனதும் கைகொடுத்தது.

ஒரு பிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவே விடும் இடைவெளி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேமரா 30 வினாடி என்று காட்டுவது பெரும்பாலும் உண்மையில் 32 வினாடி. ஷட்டரை அழுத்தும் டைமரில் 33 வைத்தால் ஒரு வினாடிதான் இடைவெளி, கண்ணுக்கே தெரியாது. 31 வைத்தால் முந்தைய பிரேம் முடியும் முன்பே டைமர் அழுத்த, ஒன்று விட்டு ஒன்று தவறி, கோடு புள்ளிக்கோலமாகிவிடும். ஒவ்வொரு பிரேமுக்கும் பின் கேமராவை அதே அளவு நேரம் காக்க வைக்கும் நாய்ஸ் (புள்ளி இரைச்சல்) குறைப்பை அணைக்கச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம், துருவ நட்சத்திரத்தைச் சுற்றிக் கோடுகள் போடும் "வட்டம் எங்கே?" என்கிறார்கள். பினாங்கு 5.4 டிகிரி வடக்கில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அவ்வளவுதான் உயரம். மலையோ மூட்டமோ அதை விழுங்கிவிடும். எனக்கோ மேற்கில் கிடைக்கிற காட்சிதான் பிடித்திருக்கிறது. வானத்தின் நடுக்கோட்டை (பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஓடுவது) ஒட்டியிருக்கும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப்பட்டை நட்சத்திரங்கள் மூன்றும் தூக்குக்குண்டு பிடித்ததுபோல் நேராகக் கடலில் இறங்குகின்றன. வலப்பக்கக் கோடுகள் வடக்கே வளைகின்றன, இடப்பக்கத்தவை தெற்கே. அதே ஓரியனின் ரைஜல் நீலமாக, திருவாதிரை செம்மஞ்சளாக விழுந்திருக்கிறது. சிவராத்திரியன்று சிவனுடைய நட்சத்திரத்தைத்தான் எடுத்தேன் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கோயிலிலும் சிவன் இருந்தார்டா" என்றார்.

மீன்பிடிப் படகுகளின் பச்சை விளக்கு அடிவானத்தில் ஒரு பட்டை அடித்திருக்கிறது. வலை எடுக்க வந்த பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர், இரண்டு மணி நேரம் எதற்காக இருட்டைப் படம் பிடிக்கிறோம் என்று கேட்டுவிட்டு, ஆகாஸ் என்னும் பொடிப்பூச்சியின் கடிக்கு எண்ணெய் கொடுத்தார். நம் கொசுவத்தி அந்தப் பூச்சியிடம் எடுபடவே இல்லை.

படம் இன்னும் முடியவில்லை. பிரேம்களை ஒன்றாக்கும் ஸ்டார்ஸ்டாக்ஸ் மென்பொருளில் பாதிதான் அடுக்கியிருக்கிறேன். விமானக் கோடுகளை ஒவ்வொரு பிரேமாகக் கறுப்படிக்கும் வேலை கிடக்கிறது. அதற்குள் மனம் தெலுக் பஹாங்குக்குப் போய்விட்டது. அங்கே வடக்குப் பார்த்த கரையில், மூட்டமில்லாத இரவில், 5 டிகிரி துருவ நட்சத்திரத்தைக் கடலுக்கு மேல் பிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். மச்சானின் கேமராவுக்கும் ஒரு பட்டை தைக்கணும். ஜார்ஜ்டவுனில் வழக்கமாக வாங்கும் கடையில் கால் வாட் ரெசிஸ்டர்தான் இருக்கிறதாம். ஒரு வாட் எங்கே சில்லறையாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இணையத்தில் நூறு நூறாகத்தான் விற்கிறார்கள்.