ஆசியாவில் யார் முதல்?

"ஆசியாவிலேயே முதல்ல விண்வெளிக்குப் போனது நம்ம ராகேஷ் சர்மாதாண்ணா!"

குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. சொன்னது ஆட்டோ ஓட்டுகிற தம்பி. கையில் இருந்த வர்க்கி பாதி டீயிலும் பாதி ஸ்வெட்டரிலுமாக உதிர்ந்துகொண்டிருந்தது. பேச்சு சூட்டில் அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

சர்மா ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வந்து குடியேறியவர். இங்கே அவரை லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் 1980-லேயே வியட்நாமின் பாம் துவான் போய்விட்டார். அடுத்த வருடம் ஒரு மங்கோலியர். சர்மா போனது 1984-ல். மூவரையும் ஏற்றிப் போனது சோவியத்தின் சோயுஸ் விண்கலம்.

"அப்போ சீனாக்காரன்?" என்றார் கடைக்கார அண்ணன்.

சீனா 2003-ல்தான் யாங் லிவெய்யை அனுப்பியது. ஆனால் ராக்கெட், கலம், ஏவுதளம் எல்லாம் சொந்தம். இன்று மேலே தனக்கென்று ஒரு நிலையமே வைத்திருக்கிறது. நம் சுபான்ஷு சுக்லா 2025-ல் போனதும் அமெரிக்க ராக்கெட்டில்தான்.

எனக்கென்னவோ யார் முதலில் போனார் என்பதைவிட யார் வண்டியில் போனார் என்பதுதான் கேள்வி. (அடுத்தவர் வண்டியில் போனாலும் பெருமைதான், மறுக்கவில்லை.) இத்தனை வீரர்களை அனுப்பிய ஜப்பானிடமே ஆளை ஏற்றிப் போக சொந்தக் கலம் கிடையாது.

சொந்தக் கலத்தில் ஆளை அனுப்பும் நம் ககன்யான் திட்டம் அதற்குத்தான். அதற்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இதோ பக்கத்தில், வெலிங்டன் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்.

அவர் மட்டும் போகட்டும், கூடலூர் வரைக்கும் போஸ்டர் ஒட்டிவிடுவோம்.