பத்தரை மணிக் கொத்தும் பிறகு வந்த கனவும்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கோட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு முன் அமைவது அபூர்வம். கணக்காய்வுக் காலம் என்றால் சொல்லவே வேண்டாம். காலி வீதியில் பஸ் ஊர்ந்து வந்து சேரும்போது அம்மா ஆறரைக்கே இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடித்து, என் பங்கைக் குசினியில் மூடி வைத்திருப்பார். ஆறிப்போன இடியப்பத்தை யார் தொடுவது? சந்திக் கடையில் ஒரு கோழிக் கொத்து, மேலதிகமாக ஒரு முட்டை போட்டு. சாப்பிட்டதும் கட்டில்.

நேற்றிரவு கனவில் பரீட்சை மண்டபத்துக்குள் கடல் வந்துவிட்டது. மேசைகள் மிதக்கின்றன. எல்லோரும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு மட்டும் சுட்டெண் ஞாபகம் வரவில்லை. விழித்தபோது மூன்று மணி, நெஞ்செல்லாம் எரிச்சல். காலையில் சொன்னேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார்: "வயித்தை நிரப்பிப்போட்டு உடனே சரிஞ்சா பின்ன என்ன பிள்ளை வரும்?"

அம்மா சொல்வதில் எவ்வளவு உண்மை என்று இந்த மாதம் பார்க்கப்போகிறேன். கிடைப்பதை அவ்வப்போது இங்கே எழுதுகிறேன்.

ஓகஸ்ட் 4, திங்கள்

மதியச் சாப்பாட்டில் பேச்சை எடுத்துப் போட்டேன். ஆளுக்கொரு குற்றவாளி. ஒருவருக்குக் காலிமுகத்திடல் இறால் வடை, இன்னொருவருக்கு வட்டிலப்பம், மூன்றாமவருக்கு எருமைத் தயிரும் கித்துள் பாணியும். ஆங்கிலேயர்கள் நெடுங்காலமாகச் சீஸைத்தான் குற்றம் சாட்டி வந்திருக்கிறார்கள். அந்தப் பழியைத் துடைக்க 2005இல் பிரித்தானியச் சீஸ் சபையே ஒரு சோதனை நடத்தியது. 200 பேருக்குப் படுப்பதற்கு அரை மணி முன் 20 கிராம் சீஸ் கொடுத்தார்கள். யாருக்கும் பயங்கரக் கனவு வரவில்லை, பெரும்பாலானோர் நன்றாகத் தூங்கினார்கள் என்று அறிவித்தார்கள். சீஸ் சாப்பிடாத குழு ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சோதனை செய்தவர்களோ சீஸ் விற்பவர்கள். நான் கணக்காய்வுக்காரி, இந்த மாதிரி அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

அடிப்படையில் இருந்து தொடங்குவோம். 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் ஒரு விடயத்தை வெளியிட்டார்கள்: நித்திரையின் சில கட்டங்களில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசைகின்றன, அப்போது எழுப்பினால் ஆட்கள் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். ரெம் நித்திரை என்பது இதுதான். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை இது வருகிறது. முன்னிரவில் சில நிமிடம்தான், விடிய விடிய நீளும்.

கனவு காண்பது வேறு, கண்டது நினைவில் நிற்பது வேறு. எழுப்பப்படாமல் அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டால் கனவு பெரும்பாலும் அழிந்தே போகும். விடியப்புறக் கனவு பலிக்கும் என்று ஊரில் சொல்வார்களே, பலிக்கிறதோ இல்லையோ, அந்த நேரத்தில்தான் நீளமான ரெம்மும் அதன் நடுவே விழிப்பும் சேர்ந்து வருகின்றன. நடுச்சாமத்துக் கனவை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள், பலித்ததா என்று பார்க்க?

இப்போது கொத்துக்கு வருவோம். கோதம்பா ரொட்டி, முட்டை, கோழி, மேலே குழம்பு, எல்லாவற்றுக்கும் தாராளமாக எண்ணெய். கொழுப்புச் சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், பல மணி நேரம் எடுக்கும். படுத்தால் அமிலம் மேலே ஏறுவது இன்னும் சுலபம். நெஞ்செரிச்சல் ஆளை எழுப்பும். எழுந்த நேரம் ரெம்மின் நடுவாக இருந்தால் கடலும் மேசையும் சுட்டெண்ணும் அப்படியே கையோடு வரும். என் கணிப்பு இதுதான்: கொத்து கனவைத் தயாரிக்கவில்லை, கனவின் நடுவில் என்னை எழுப்பிவிட்டது.

அம்மாவுக்கு விளக்கினேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார். இல்லை, ஆனால் விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் 8, வெள்ளி, போயா

பௌர்ணமி விடுமுறை. கொட்டாஞ்சேனையில் இருந்து மாமா வந்திருந்தார். இன்று சாராயக்கடைகள் மூடு, ஆகவே மாமா வெறும் தேத்தண்ணியோடு சுமாரான கோபத்தில் இருந்தார். குடித்துவிட்டுப் படுத்தால் கனவே வராது, குடிக்காத நாளில்தான் கண்டதெல்லாம் வருகிறது என்பது அவர் அனுபவம். அதற்குக் காரணம் உண்டு. மதுசாரம் முன்னிரவில் ரெம் நித்திரையை அடக்கும். உடம்பு அதைக் கழித்து முடித்ததும், பின்னிரவில் நித்திரை துண்டு துண்டாகும். தினமும் குடிப்பவர் நிறுத்தினால், அடக்கி வைத்த ரெம் திரண்டு வந்து கனவுகள் உக்கிரமாகும். மாமா முழுதும் கேட்டார். பிறகு, "அப்ப நிப்பாட்டக் கூடாது எண்டு சொல்லுறாய்" என்றார். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

உறைப்பு. 1992இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று. ஆரோக்கியமான இளைஞர்கள் ஆறே பேர். சில இரவுகளில் மாலைச் சாப்பாட்டோடு தபாஸ்கோ சோஸும் கடுகும் கொடுத்தார்கள். அந்த இரவுகளில் ஆழ்ந்த நித்திரை குறைந்தது, விழித்திருந்த நேரம் கூடியது, முதல் நித்திரைச் சுற்றில் உடல் வெப்பமும் உயர்ந்தது. நித்திரை பிடிக்க உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும், உறைப்பு அதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது.

ஆறு பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது. அவர்கள் பச்சை மிளகாய்ச் சம்பலில் வளர்ந்த பிள்ளைகளும் அல்ல. இருந்தாலும் ஓகஸ்ட்டில் கொழும்பு இரவு 25 பாகையை ஒட்டியே நிற்கும், கடற்காற்றில் ஈரம் வேறு. உடம்பு குளிர ஏற்கெனவே வழியில்லை. அதற்குள் நாம் கட்டைச் சம்பலையும் அனுப்புகிறோம்.

ஓகஸ்ட் 13, புதன்

தேடியதில் உருப்படியாகக் கிடைத்தது இதுதான். மொன்றியலில் கனவு ஆய்வுகூடம் நடத்தும் தோரே நீல்சனும் அவருடைய சகாக்களும் எழுதியவை. 2015இல் கனடாவில் 396 மாணவர்களைக் கேட்டபோது 17.8 வீதம் பேர் சாப்பாடு தங்கள் கனவைப் பாதிக்கிறது என்றார்கள், பாலுணவுதான் அதிகம் பழி சுமந்தது. 2025 ஜூலையில் வெளிவந்த அடுத்த ஆய்வில் 1082 மாணவர்கள். இம்முறை கனவைப் பாதிக்கிறது என்றவர்கள் 5.5 வீதம் மட்டுமே. நித்திரையைப் பாதிக்கிறது என்றவர்களோ ஏறத்தாழ 40 வீதம். இனிப்பும் பாலுணவும் முன்னணியில். பாலிலுள்ள சர்க்கரையான லக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் பயங்கரக் கனவு அதிகம் என்பதும் தெரியவந்தது. இரவில் வயிறு பொருமி வலிப்பது கனவுக்குள் போகிறது என்பது அவர்களின் ஊகம். கேள்விக்கொத்து நிரப்பி எடுத்த தரவு என்பதால் எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இது நமக்கு நெருக்கமான விடயம். தென்னாசியாவில் வளர்ந்தவர்களில் கனபேருக்கு லக்டோஸைச் செரிக்கும் நொதியம் குறைந்துவிடும். பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை சமாளிப்பார்கள். நாம் குடிப்பதோ பால்மாத் தேத்தண்ணி. முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் லக்டோஸ்தான். பெரிய கோப்பைக்கு 25 கிராம் போட்டால் 9, 10 கிராம் வந்துவிடும். அதற்கு மேல் ஒரு ஐஸ்கிறீம் சாப்பிட்டால் எல்லை தாண்டியாயிற்று.

திங்கட்கிழமைக் குற்றவாளிகளை இந்தக் கண்ணால் பார்த்தால் வேடிக்கை. வட்டிலப்பத்தில் இருப்பது தேங்காய்ப்பால், லக்டோஸ் துளியும் இல்லை (பசும்பால் கலக்கும் வீடுகளை விடுங்கள்). அம்மாவின் சொதியும் அப்படியே. தயிரில் பாதி வேலையை நுண்ணுயிர்கள் முடித்துவிடும். ஆங்கிலேயரின் முதிர்ந்த சீஸில் லக்டோஸ் ஏறத்தாழப் பூச்சியம். யாரும் சந்தேகப்படாத தேத்தண்ணிக் கோப்பைதான் அதிகம் சுமந்து வருகிறது.

எங்கள் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். பத்து மணிக்கு மேல் பால்மா கெட்டியாகப் போட்டு ஒரு கோப்பை குடிக்காமல் படுக்கமாட்டார். வயிற்றுப் பொருமலும் பேய்க்கனவும் அவருடைய நிரந்தர முறைப்பாடுகள். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள் அக்கா என்றேன். "பேய் வந்தாலும் பரவாயில்லை" என்றார். பிறகு யோசித்துச் சம்மதித்தார்.

ஓகஸ்ட் 16, சனி

இரவில் வாழைப்பழம் சாப்பிட்டால் கனவு தெளிவாக வரும், அதில் பி6 விற்றமின் இருக்கிறது என்று யாரோ அனுப்பிய செய்தி. இதற்கு மூலமாக இருக்கக்கூடியது 2018இல் அடிலெயிட்டில் 100 பேரிடம் நடந்த ஆய்வு. படுக்குமுன் 240 மில்லிகிராம் பி6 எடுத்தவர்கள் கனவை அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். கனவின் தெளிவோ நிறமோ கூடவில்லை. ஒரு வாழைப்பழத்தில் இருப்பது 0.4 மில்லிகிராம் அளவு. அதாவது ஆய்வில் கொடுத்த அளவுக்கு 600 கோழிக்கூட்டுப் பழம். குளிசையாக வாங்கி நீண்ட நாள் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் பி6 நரம்புகளைப் பாதிக்கும்.

ஓகஸ்ட் 20, புதன்

கொத்தை விடவில்லை, நேரத்தைத்தான் மாற்றினேன். ஏழு மணிக்கு அலுவலகத்திலேயே சோத்துப் பார்சல். வீட்டுக்கு வந்தபின் ஏதும் இல்லை, மிஞ்சிப்போனால் ஒரு பழம். கொத்து சனிக்கிழமைக்கு, அதுவும் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பாக. நெஞ்செரிச்சல் வரும் நாளில் இடப்பக்கம் சரிந்து படுக்கிறேன், அந்தப் பக்கம் படுத்தால் அமிலம் ஏறுவது குறையும். கனவு எழுதவென்று கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த கொப்பியில் இப்போது எழுத ஒன்றும் கிடைப்பதில்லை. கனவு வராமல் இராது, விடியும்வரை நான் எழும்புவதில்லை, அவ்வளவுதான். அம்மா இதைத் தன் வெற்றியாக அயல் வீட்டுக்கும் அறிவித்துவிட்டார்.

அக்காவின் கதை வேறு. பால்மாவை நிறுத்தினார், பொருமல் போய்விட்டது. கோப்பையை மட்டும் விடமுடியவில்லை, இஞ்சி போட்டுச் சாயத் தேத்தண்ணியாகக் குடிக்கிறார், அதுவும் நல்ல கடும் சாயம். தேயிலையிலுள்ள கபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் அளவில் எடுக்கும். ஒரு மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாராம். "பேய் வரயில்லைத் தங்கச்சி, நித்திரையும் வரயில்லை" என்கிறார். நாளைக்கு வீட்டில் இருந்து கொத்தமல்லி வறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.