ஜிம்மியின் ஈரலில் சீழ்

காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து அம்மா வரும் நேரம் ஜிம்மிக்குத் தெரியும். தெருமுனைக்கே ஓடிப்போய்க் கூடையை மோந்துகொண்டு கூடவே வருவான். ஏழு வயது நாட்டு நாய். அன்று எழுந்திருக்கவே இல்லை. "இன்னாடா கண்ணு, ஒடம்பு சரியில்லியா?" என்று அம்மா சங்கரா மீன் தலையை நீட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பக்கத்து கிளினிக்கில் பார்த்தபோது காய்ச்சல் 104. நாய்க்கு 102.5 வரை இயல்புதான். உண்ணிக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். நம் ஊரில் அந்தச் சந்தேகம் முதலில் வருவதில் தப்பில்லை. ஆனால் மூன்று நாள் இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறியபோதும் ரத்தம் எடுக்காமல் அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். வீணாய்ப் போன அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தியதும் முனகினான். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் எகிறியிருந்தன, ஈரல் என்சைம் அளவுகளும் கூடியிருந்தன. எலிக்காய்ச்சலா, புற்றுக்கட்டியா, வேறு ஏதாவதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, ஸ்கேன் வேண்டும் என்றார்.

வயிற்று முடியை மழித்து ஜெல் தடவினார்கள். திரையில் சாம்பல் நிற ஈரலுக்கு நடுவே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கருப்பு வட்டம். அதற்குள் புள்ளி புள்ளியாக ஏதோ மிதந்தது. "வெறும் தண்ணின்னா முழுக்கக் கருப்பா இருக்கும்மா. இது சீழ் மாதிரி தெரியுது."

மயக்கம் கொடுத்து, ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசியை இறக்கினார். பால் அதிகம் விட்ட டீ நிறத்தில் மூன்று சிரிஞ்ச் வந்தது. அந்த நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது. சீழ் கட்டி நிற்கும்போது வெறும் மாத்திரை உள்ளே சரியாகப் போய்ச் சேராதாம். வெடித்து வயிற்றுக்குள் பரவியிருந்தால் உடனே ஆபரேஷன்தான். கொஞ்சம் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்கள். வந்தது ஈ.கோலை, குடலில் இருக்கிற கிருமி. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் அந்த ரிப்போர்ட்டிலேயே இருந்தது. அதன்படி மாத்திரையை மாற்றினார்.

ஒரு வாரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டான். "அதான் நல்லா ஆயிட்டானே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றான் தம்பி. நான் நிறுத்தவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். எலுமிச்சை நெல்லிக்காயானது, போன வாரம் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது.

இன்னும் ஒன்பது நாள் மாத்திரை பாக்கி. அம்மா முள் எடுத்த மீனுக்குள் ஒளித்துவைத்துக் கொடுக்கிறாள். மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுகிறான். நான் வாயைப் பிளந்து நாக்குக்கு அடியில் கூடப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன்.