சைபர் குற்றப்பிரிவின் தபால் மேசையிலிருந்து

3 பிப்ரவரி 2025, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு ஓய்வில்லை. விடுமுறை, அலுவலக எழுத்துவேலை பார்க்கும் அமைச்சுப் பணியாளர்களாகிய எங்களுக்கு மட்டுமே. ஆகவே திங்கட்கிழமைத் தபால் எப்போதும் கனமாக இருக்கும். இன்று வந்தவற்றுள் பெரும்பாலானவை வங்கிகளின் பதில்கள். மோசடிப் பணம் போய்ச் சேர்ந்ததால் முடக்கப்பட்ட கணக்கின் பரிவர்த்தனை விவரங்களை அனுப்பும் வங்கி, தேசியப் புகார்த் தளம் வழங்கிய ஒப்புகை எண்ணை மட்டுமே குறிப்பிடுகிறது. வழக்குக் கோப்போ முதல் தகவல் அறிக்கைக்கு இடப்படும் குற்ற எண்ணில் நடக்கிறது. என்னிடம் வரும் தபால்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் அதற்கு வேறொரு நடப்பு எண். மூன்றையும் பொருத்தி, உரிய ஆய்வாளரின் மேசைக்கு அன்றைக்கே சேர்ப்பிப்பதில்தான் என் முற்பகல் கழிகிறது. சீருடை அணியாதவர்களுக்குக் குற்றப் புலனாய்வில் என்ன வேலை என்று உறவினர்கள் கேட்பதுண்டு. ஒரு பதில் தவறான கோப்புக்குள் போய்விட்டால், பணம் அடுத்து எந்தக் கணக்குக்கு நகர்ந்தது என்பது தெரியாமலே நாட்கள் கழியும்; அதற்குள் அது ஏடிஎம் வழியே ரொக்கமாகிவிடும்.

5 பிப்ரவரி, புதன்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 78ஆம் பிரிவு, ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே இச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களைப் புலனாய்வு செய்யலாம் என்கிறது. சட்டம் இயற்றியவர்கள் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் கோப்பு அடுக்கை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆய்வாளர் ஐயா நீதிமன்றம் சென்றிருந்ததால் மாலை வரை எதுவும் நகரவில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

குற்றப்பத்திரிகையுடன் இணைக்க வேண்டிய, மின்னணு ஆவணங்களுக்கான சான்றிதழ்களைச் சரிபார்த்தேன். 2024 ஜூலை 1 முதல், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு வந்திருக்கிறது. சான்றிதழ் இப்போது இரண்டு பகுதிகள் கொண்டது. முதற்பகுதியில் ஆவணத்தைத் தருபவர் கையொப்பமிட வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணர். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளச் சரமான ஹேஷ் மதிப்பு இரண்டிலும் இடம்பெற வேண்டும். எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்டால் அது எழுத்தும் இலக்கமும் கலந்த 64 குறிகள் கொண்ட ஒரே நீண்ட சரம். தட்டச்சர் திரையைப் பார்த்து நான்கு நான்காக வாசிக்க, நான் தாளில் அளவுகோலை நகர்த்திக்கொண்டே பென்சிலால் புள்ளி வைத்தேன். ஒரு சான்றிதழில் ‘பி’ இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள அந்த ஒரு குறி போதும் என்பதால், திருத்தி அனுப்பக் கோரித் திருப்பிவிட்டோம். விசாரணை அதிகாரிக்கு அதில் சற்று மனத்தாங்கல்; எங்களுக்கு இல்லை.

10 பிப்ரவரி, திங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு. புலனாய்வில் இருக்கும் வழக்கு என்பதற்காக மட்டும் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்துவிட முடியாது. வெளியிட்டால் புலனாய்வுக்கு எவ்வாறு இடையூறு நேரும் என்பதைப் பதிலில் சொல்ல வேண்டும். வரைவில் அந்தப் பத்தியைச் சேர்த்தேன். 30 நாள் கெடுவை நினைவூட்டு நாட்குறிப்பில் குறித்தாயிற்று.

12 பிப்ரவரி, புதன்

ஓய்வுபெற்ற ஒருவர் வந்திருந்தார். பங்குச்சந்தை முதலீடு என்று நம்பிப் பணம் இழந்தவர். “முடக்கிட்டோம்னு சொன்னீங்களேம்மா, எப்ப குடுப்பீங்க?” என்று கேட்டார். பணம் காவல்துறையிடம் இருப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். “ஐயா, பணம் அந்த வங்கியில்தான் நிற்கிறது, நீதிமன்றம் உத்தரவு போட்டால்தான் அவர்கள் விடுவார்கள்” என்று உட்காரவைத்து விளக்கினேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 503ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்ய வேண்டும்; பழைய நடைமுறைச் சட்டத்தில் இது 457. அதே கணக்கில் வேறு பலரின் பணமும் விழுந்திருப்பதால், எவருடைய தொகை எவ்வளவு என்று காட்டும் அட்டவணை இல்லாமல் அந்த மனு நகராது. அந்த அட்டவணையை வங்கிப் பதில்களிலிருந்து தயாரிப்பவர்கள் நாங்கள்தான். முடக்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். திருப்பித் தருவதற்குத் தாள்கள் வரிசையாகச் சேர வேண்டும். இதை அவரிடம் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் பொய்யான தேதி ஒன்றைச் சொல்லி அனுப்புவதைவிட இது மேல்.

14 பிப்ரவரி, வெள்ளி

ஆய்வுக்கு முன்பாகத் தன்பதிவேட்டில் நிலுவைகளைச் சுருக்கும் பணி. அந்தரங்கப் படங்களை வைத்து மிரட்டப்பட்ட பெண்களின் கோப்புகளுக்கு மட்டும் தனி அலமாரி; மேலுறையில் பெயர் எழுதாமல் குற்ற எண்ணும் ‘மந்தணம்’ (ரகசியம்) என்ற முத்திரையும் மட்டுமே. புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர் அட்டையில் பெயரை எழுதத் தொடங்கியபோது தடுத்து, உறையை மாற்றச் சொன்னேன். துப்புரவுக்கு வருபவர்முதல் நகல் எடுப்பவர்வரை அந்த அட்டையைப் பார்ப்பார்கள் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை.

பிற்பகல் தபாலில் வேறொரு வழக்கின் விடுவிப்பு உத்தரவு வந்தது. வங்கிக்கு முகப்புக் கடிதம் தயார். ஆய்வாளர் கையொப்பமிட்டதும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் போகும்.