எல்பி தட்டுகளைக் கணினியில் ஏற்ற நான் தேர்ந்தெடுத்த மென்பொருள்

கர்நாடக இசை எல்பிகளை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் கணினிக்கு மாற்ற மென்பொருள் தேடியபோது, எனக்கு இருந்த பெரிய கவலை மிருதங்கம்தான். கீறல் விழுந்த இடத்தில் வரும் ‘டக்’ ஒலியும் மிருதங்கத்தின் கூர்மையான சாப்பு அடியும் சட்டென்று எழுந்து அடங்குபவை. கீறலை நீக்கும் மென்பொருள் அடியையும் சேர்த்து நீக்கிவிட்டால் தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் என்ன மிஞ்சும்?

பதிவு செய்வதற்கு அதிகம் யோசிக்கவில்லை, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியே போதும். விண்டோஸில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆடாசிட்டியில் ஆடியோ ஹோஸ்டாக வாஸாபியை (விண்டோஸ் ஒலியை நிரல்களுக்குக் கொடுக்கும் வழிகளில் ஒன்று) தேர்ந்தெடுத்து, விண்டோஸின் ஒலி அமைப்பிலும் 24 பிட், 96000 என்று மாற்றினேன். விண்டோஸ் 48000-இல் இருந்தால், கோப்பு 96 என்று காட்டினாலும் உள்ளே இருப்பது 48-தான். இதைக் கண்டுபிடிக்க எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்தால் போதும்: 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கோடு போட்டு வெட்டியதுபோல் காலியாக இருக்கும். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலை, அதாவது ஒலி சிதையத் தொடங்கும் எல்லைக்கு 6 டெசிபல் கீழே இருக்கும் அளவை, தாண்டாமல் வைத்தேன். 24 பிட்டில் அவ்வளவு இடம் விடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை.

கீறல் நீக்கத்துக்குத்தான் நேரம் பிடித்தது. ஆடாசிட்டியின் ‘ரிப்பேர்’ அருமையாக வேலை செய்கிறது, ஆனால் ஒரு தடவைக்கு 128 சாம்பிள்தான் (ஒலியை அளந்து பதிந்த புள்ளிகள், 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு செகண்டுக்கு 96,000) எடுத்துக்கொள்ளும். 96 கிலோஹெர்ட்ஸில் அது ஒன்றேகால் மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு பக்கம் முழுவதையும் அப்படிச் சரிசெய்ய முடியாது. ஒலியைச் சீரமைக்கும் மென்பொருளான ஐசோடோப் ஆர்எக்ஸ் வலுவானது, ஆனால் வீட்டு உபயோகத்துக்கு விலை அதிகம். எல்பிகளை மாற்றுவதற்கென்றே உள்ள வினைல்ஸ்டூடியோ திருத்தங்களைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்கிறது, மூலப் பதிவில் கை வைப்பதில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மூலப் பதிவையும் சுத்தம் செய்ததையும் ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரு சாம்பிள்கூட நகராமல் வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ‘இன்வெர்ட்’ கொடுத்து இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். பொதுவானதெல்லாம் அடிபட்டுப்போய், மென்பொருள் நீக்கியது மட்டும் கேட்கும். வெறும் சடசடப்பு என்றால் சரி. அதில் தாளம் போட முடிந்தால், போய்க்கொண்டிருப்பது மிருதங்கம். கீறல் நீக்கத்தின் தீவிரத்தைக் கூட்டி வைத்தபோது கஞ்சிராவும் கடமும் அதில் தெளிவாகவே கேட்டன. வினைல்ஸ்டூடியோவில் அந்தத் தீவிரத்தைக் குறைத்து, மிச்சமிருந்த பெரிய கீறல்களை மட்டும் கையால் சரிசெய்தேன்.

பாடல்களைத் தானாகப் பிரிக்கும் வசதியை நம்பவில்லை. ஆலாபனையில் மெல்லிய இடம் வந்தாலே பாட்டு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. கீர்த்தனை, ராகம், பக்கவாத்தியக்காரர் பெயர்களை உறையைப் பார்த்து நானே தட்டச்சு செய்தேன்.

20 நிமிடப் பக்கம் ஒன்று 24 பிட் வேவ் கோப்பாகச் சுமார் 690 மெகாபைட் வரும். ஒலியைச் சுருக்கி வைக்கும் ஃபிளாக் கோப்பாக மாற்றினால் தரம் குறையாமல் இடம் கணிசமாக மிச்சமாகிறது. சுத்தம் செய்யாத மூலத்தையும் ஃபிளாக்கில் வேறொரு டிஸ்கில் வைத்திருக்கிறேன், நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் அதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.